தண்ணீர் எடுக்கும் இடம்

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி ஐந்து நிமிடம். அன்றைய கடைசி ஓ.பி. சீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வாந்திபேதி, ஆண், வயது முப்பத்தொன்று, வில்சன் ஷாஃப்ட். பட்டனைத் தட்டியதும், சுரங்கத்துக்குள் ஆட்கள் இறங்கும் ஏழு ஷாஃப்டுகளின் பெயர்களும் திரையில் வரிசையாக வந்து நின்றன. ஏழுக்கும் எதிரே பச்சைக் கட்டம். எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாம் கெடத் தொடங்கியது அந்த நிம்மதியில்தான் என்று இப்போது தெரிகிறது.

இந்த வருடம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் நானும் ஓய்வு பெற்றவள் ஆகிவிட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியின் நோய்க் கண்காணிப்பு ஃபைல்கள் எல்லாம் கோலாருக்குப் போய்விட்டன. அங்கே இதே வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் போன மாதம் எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாள். 'எல்லா ஊர்ப் படிவத்திலும் பத்துக் கட்டங்கள் இருக்கின்றன. உங்களுடையதில் மட்டும் பதினொன்று. கடைசிக் கட்டத்தில் தண்ணீர் எடுக்கும் இடம் என்று கையால் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டரில் அதற்கு இடமில்லை. எடுத்துவிடலாமா?'

எடுக்கக் கூடாது. அதற்கான காரணத்தை ஒரு கார்டில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கார்டு போதவில்லை.

என் கணவர் சுரங்கத்தின் அறுபதாவது லெவலில் பாறை வெடித்துச் செத்தபோது என் மகள் வித்யா கைக்குழந்தை. கருணை அடிப்படையில் எனக்கு ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் வேலை கொடுத்தார்கள். பி.ஏ. படித்திருந்தேன், கையெழுத்து நன்றாக இருக்கும், அவ்வளவுதான் தகுதி. பல வருடங்கள் பேரேடுகளோடு போயின. பிறகு பெங்களூரிலிருந்து ஒரு திட்டம் வந்தது. எந்த வியாதி எங்கே தலைதூக்குகிறது என்பதைத் தினமும் கம்ப்யூட்டரில் பதிந்து அனுப்ப வேண்டும்; எண்ணிக்கை கூடினால் அது முன்கூட்டியே சொல்லிவிடும். மூன்று வாரப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். மூன்று வாரமும் வித்யா சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று தினம் ஒரு போன் போட்டேன். நான் அப்படிப்பட்டவள். அவளுக்கு ஒரு தும்மல் வந்தால் எனக்குக் காய்ச்சல் வரும்.

பழைய எக்ஸ்ரே இருட்டறையைச் சுண்ணாம்படித்து எங்களுக்குக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே ஏ.சி. வைத்த ஒரே சின்ன அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் யாரும் வர வேண்டும். இரண்டு மணிக்கு ஓ.பி. சீட்டுக்கட்டு வரும். காய்ச்சல், பேதி, காமாலை, இருமல் என்று பிரித்து அடுக்குவேன். ஒவ்வொரு சீட்டிலிருந்தும் பெயர், வயது, டோக்கன் எண், பகுதி, வியாதி, தொடங்கிய நாள் என்று ஏற்றுவேன். ஒரு பகுதியில் ஒரு வாரத்துக்குள் ஆறு பேதி என்றால் கட்டம் மஞ்சளாகும். பத்து என்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் பெங்களூர்க் குழு ஜீப்பில் புறப்படும். நாலரைக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லி லைனைக் காலி செய்யச் சொல்வேன். மோடம் கீச்சிட்டுக் கத்தி, ஃபைல் போய்ச் சேரும். எக்ஸ்சேஞ்ச் அந்தோணி அண்ணன் பிறகு கூப்பிடுவார்.

"இன்னாம்மா, உங்க பேய் கத்தி முடிச்சிச்சா? பெரிய டாக்டரு வேற லைன் கேட்டுகினுக்கீறாரு."

எனக்கு மேலே டாக்டர் பிரேமா இருந்தார். நோய்த் தடுப்புப் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பு. யாராவது பேச வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகம் நம் பக்கம் தெரியும்படி மேஜையில் வைப்பார். அவசரப்படுத்துகிறார் என்று முதலில் பயந்தேன். இல்லை, நாம் சொல்லி முடிக்கும்வரை இடையில் ஒரு வார்த்தை பேச மாட்டார். முடித்ததும் ஒரே கேள்வி: "நம்பர் என்ன சொல்லுது சகுந்தலா?" பழைய ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

எண் இல்லாமல் அவர் எதையும் நம்பாததற்குக் காரணம் இருந்தது. நான் அந்த அறைக்கு வருவதற்கு முன்னால் ஒரு வருடம், ஏதோ கொடிய காய்ச்சல் பரவுகிறது என்று கம்பவுண்டர் ஒருவர் ஒரே ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் பங்காருபேட்டை ஸ்டேஷனில் ஜனங்கள் மூட்டையும் குழந்தையுமாக முண்டியடித்தார்கள். நெரிசலில் ஒரு கிழவர் பிளாட்பாரத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். காய்ச்சல் என்னவோ வெறும் மலேரியா. அந்தக் கிழவருக்கு டாக்டர் பிரேமா இரண்டு மாதம் வீடு தேடிப் போய் வைத்தியம் பார்த்தார். எனக்கு வேலை ஒப்படைத்த அன்று அவர் சொன்னது: "இந்த ரூம்ல பாக்கறது இந்த ரூம்லயே இருக்கணும். கலர் மாறட்டும், அப்ப நான் பேசறேன்." அதற்கு ஒரு தாளில் கையெழுத்தும் போட்டேன்.

இனி என் தவறு. பயிற்சியில் கொடுத்த ஊர்ப் பட்டியலில் பேத்தமங்களாவும் அதைச் சுற்றியுள்ள சிறு கிராமங்களும் தனித்தனி எண்ணோடு இருந்தன. எங்கள் தங்க வயல் மொத்தமும் ஒரே பெயர், ஒரே எண். அதை நாங்களே பகுதி பிரித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நான் ஷாஃப்ட் வாரியாகப் பிரித்தேன். அதைவிடச் சுலபமான வழி இல்லை. வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் சீட்டு போடுவது சுரங்கத்தில் வேலை செய்பவரின் டோக்கனில்தான். டோக்கனில் அவருடைய ஷாஃப்ட் இருக்கும். ஓ.பி. சீட்டு ஜன்னலில் "எந்த எடம்?" என்று கேட்டால் எங்கள் ஜனங்கள் தெருப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "டேவிஸ் ஷாஃப்ட்டுங்க" என்பார்கள். கைக்குழந்தையோடு வரும் பெண்ணும் அப்படித்தான் சொல்லுவாள்.

என் தாத்தா காலத்தில் அது சரி. எந்த ஷாஃப்டில் இறங்குகிறானோ அந்த ஷாஃப்ட் பக்கத்து லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில்தான் அவனுக்கு வீடு. ஆனால் தொண்ணூறுகளில் ஒவ்வொரு ஷாஃப்டாக மூடினார்கள். ஆட்களை இன்னொரு ஷாஃப்டுக்கு மாற்றினார்கள். வீடு மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. எங்கள் புளியமர லைனில் நாற்பது வீடுகள். ஆண்கள் ஏழு ஷாஃப்டுக்கும் பிரிந்து போனார்கள். எதிர் வீட்டுக்காரர் எந்த பஸ் ஏறுகிறார் என்று தினம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பட்டியல் போட்டபோது தோன்றவில்லை. தோன்றியபோதோ, பட்டியலைப் பெங்களூரில் எல்லோரும் பாராட்டி, நகல் எடுத்து மற்ற ஊர்களுக்கு மாதிரியாகக் கொடுத்திருந்தார்கள். திருத்த வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூடுவதற்கு முந்தைய கோடையில் எங்கள் லைனுக்கு நான்கு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வந்தது. அந்தப் புதன்கிழமை வந்த தண்ணீரில் முதல் இரண்டு குடம் கலங்கலாக, சாக்கடை வாடையோடு இருந்தது. கீழே ஊற்றிவிட்டு மூன்றாவது குடத்தைப் பிடித்துக்கொண்டோம். வியாழக்கிழமை ஒரு பேதிச் சீட்டு. வெள்ளிக்கிழமை மூன்று. நான்கில் மூன்று பேர் எங்கள் லைன். பேரேடு எழுதிய பழக்கத்தில், டோக்கன் எண்ணைப் பார்த்ததுமே வீடு தெரிந்தது. ஒருவர் டேவிஸ், ஒருவர் வில்சன், ஒருவர் வேறு ஷாஃப்ட். திரை பச்சை.

நாலரைக்கு ஃபைலை அனுப்பிவிட்டு டாக்டர் அறைக்குப் போனேன். கடிகாரம் மேஜைக்கு வந்தது.

"மேடம், எங்க லைன்ல மூணு பேருக்கு வாந்திபேதி. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு."

"ஸ்கிரீன் என்ன கலர்?"

"பச்சைதான் மேடம்."

அவர் காத்திருந்தார். நான் மேலே ஏதாவது சொல்வேன் என்று உண்மையிலேயே காத்திருந்தார். பகுதிகளை நான் தப்பாகப் பிரித்திருக்கிறேன் மேடம் என்ற ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது.

"அவ்வளவுதான் மேடம்" என்றேன்.

"பயப்படாத. நாளைக்கும் பார்ப்போம்."

வீட்டுக்குப் போனதும் நான் செய்த முதல் வேலை, குடத்துத் தண்ணீரை எல்லாம் பெரிய அலுமினியக் குண்டானில் ஊற்றி ஸ்டவ்வில் ஏற்றியது. கொதித்து, அதற்கு மேல் பத்து நிமிடம் விட்டேன். வித்யாவின் பள்ளிக்கூட பாட்டிலைக் கழுவி அதில் நிரப்பினேன். "வெளிய ஒரு சொட்டு தண்ணி குடிக்கக் கூடாது" என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். பன்னிரண்டு வயதுப் பெண், ஏன் என்று கேட்டாள். சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியத்துக்குள் இன்னும் ஐந்து சீட்டுகள். நான்கு எங்கள் லைன். திரை பச்சை. டாக்டர் பிரேமா கோலாரில் கூட்டத்துக்குப் போயிருந்தார். போன் போட்டிருக்கலாம். அரை நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடியும் குண்டான் ஸ்டவ்வில் இருந்தது. பக்கத்து வீட்டுக் கஸ்தூரி வாசலில் வந்து நின்றாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் புருஷன் சேகர் டேவிஸ் ஷாஃப்டில் வேலை. அவளுடைய நாலு வயது மகள் ஜோதி, பாதி நேரம் எங்கள் வீட்டில்தான் இருப்பாள்.

"இன்னாக்கா, நேத்தும் தண்ணி, இன்னிக்கும் தண்ணி. கொழம்பு வெக்க மாட்டீங்களா? தண்ணியையே சமைச்சுத் துன்றீங்களா?"

"சும்மாதான் கஸ்தூரி."

"சும்மாவா? ரேஷன்ல அஞ்சு லிட்டர் கெரசின் வாங்கறதுக்குள்ள எனக்கு உசுரு போய் உசுரு வருது. உங்களுக்கு மட்டும் சீமை எண்ண கெணத்துல ஊறுதா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். கையெழுத்துப் போட்ட தாளும் ஸ்டேஷன் நெரிசலும் பச்சைக் கட்டமும் ஒன்றாக வந்து நின்றன. "பாப்பாவுக்குச் சளி. அதான் காய்ச்சிக் குடுக்கறேன்" என்றேன்.

வித்யா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சளி இல்லை. மறுபடியும் குனிந்துகொண்டாள்.

அதற்குள் ஜோதி ஓடிவந்து, "அத்தே, தண்ணி" என்றாள். காய்ச்சிய தண்ணீரைத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். உதட்டில் வைத்ததும், "ஐயே, சுடுது" என்று தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆறட்டும், இரு கண்ணு."

"அவ இருக்க மாட்டாக்கா, அவளுக்குச் சில்லுனு வோணும்" என்று கஸ்தூரி அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். மண் பானையில் சொம்பு மோதும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. எனக்குக் கேட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வித்யாவை அழைத்துக்கொண்டு பங்காருபேட்டையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனேன். லீவுக்கு நாலு நாள் இருக்கட்டும் என்றேன். நானும் அங்கேயே தங்கிவிட்டு, திங்கட்கிழமை காலை ரயிலில் நேராக வேலைக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை லைனில் மறுபடியும் தண்ணீர் விட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு வந்த கட்டில் பதினோரு பேதிச் சீட்டுகள். வரிசையாக ஏற்றிக்கொண்டே போனேன். ஏழாவது சீட்டு: ஜோதி, பெண், வயது நாலு, தந்தை சேகர், டேவிஸ் ஷாஃப்ட், தொடங்கியது நேற்று மாலை, படுக்கையில் சேர்க்கப்பட்டது. வயதுக் கட்டத்தில் நாலு என்று அடித்த பிறகுதான் பெயரைப் பார்த்தேன். பட்டனைத் தட்டினேன். டேவிஸ் ஷாஃப்ட் எதிரே ஐந்து. பச்சை.

குழந்தைகள் வார்டுக்கு ஓடினேன். ஜோதியின் கண்கள் குழிக்குள் போயிருந்தன. கையில் நரம்பு கிடைக்காமல் கணுக்காலில் டிரிப் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரி பூரா போச்சுக்கா. தண்ணி குடுத்தா இன்னும் போவும்னு எங்க மாமியா சொல்ட்டாங்க. நானும் ஒரு சொட்டு குடுக்கல. கேட்டுகினே இருந்தா. நீங்க இருந்திருந்தா உங்களையாவது கேட்டிருப்பேன். கதவு பூட்டிகினு இருந்துச்சு."

என் அறைக்குத் திரும்பி வந்தேன். வியாழன் முதல் வந்த இருபது சீட்டுகளையும் எடுத்துத் தரையில் உட்கார்ந்தேன். ஷாஃப்டைப் பார்க்காமல், டோக்கன் எண்ணை வைத்து, வீடு வீடாகப் பிரித்தேன். இருபதில் பதினேழு ஒரே குவியலாக விழுந்தன. புளியமர லைன். அதிலும் கீழ்க் கோடிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்.

டாக்டர் பிரேமாவை அழைத்தேன். அவரே வந்தார்; வாசலில் செருப்பை விட்டுவிட்டு, புடவையைச் சேர்த்துப் பிடித்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குவியலைப் பார்த்தார். பிறகு திரையை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"வெள்ளிக்கிழமைலேர்ந்து மேடம்."

அவர் கத்தியிருக்கலாம். பென்சிலைத் தரையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நீ என்கிட்ட வந்த. நான் கலரைக் கேட்டேன். யார் எங்க தண்ணி எடுக்கறாங்கன்னு கேட்டிருக்கணும்."

எழுந்து நின்றபடியே போன் செய்தார். ஐந்து நிமிடத்தில் அந்த லைனுக்குத் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். டேங்கர் லாரிக்குச் சொன்னார். ஆட்களை வீடு வீடாக அனுப்பி, இருக்கிற தண்ணீரை எல்லாம் கொட்டச் சொன்னார். உப்பு சர்க்கரைப் பொட்டலங்களைக் கொடுக்கச் சொன்னார். யாரும் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடவில்லை. பெண்கள் குடங்களோடு டேங்கருக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பயந்துதான் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஜோதி இறந்துபோனாள். மற்ற பத்தொன்பது பேரும் பிழைத்தார்கள்.

வியாழக்கிழமை பெங்களூர்க் குழு ஜீப்பில் வந்தது. கீழ்க் கோடிக் குழாயில் தண்ணீர் வேகமாக வராததால் நாங்களே பள்ளம் தோண்டி, தரைக்குக் கீழே பைப்பை வெட்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பள்ளத்தில் நானும் இறங்கிக் குடத்தை வைத்திருக்கிறேன். தண்ணீர் நிற்கிற நாட்களில் பக்கத்துச் சாக்கடை அதில் ஊறி, பைப்புக்குள் போயிருக்கிறது. அதை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தார்கள். பிறகு குழுவில் இருந்த இளைஞர் என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஷாஃப்ட் எண்களை அழித்துவிட்டு லைன் எண்களைப் போட்டு, பழைய நாட்களை மறுபடி ஓடவிட்டார். சனிக்கிழமை மதியம் கட்டம் மஞ்சள். திங்கட்கிழமை சிவப்பு.

"நோடி, பாருங்க மேடம், சிஸ்டம் கரெக்டா வேலை பண்ணுது. குடுக்கறதைச் சரியா குடுத்தா போதும்" என்றார். நல்ல பையன், குத்திச் சொல்லவில்லை. நான் திரையிலிருந்த அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மதியம். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜோதி என் சமையலறையில் ஓடியாடிக்கொண்டிருந்தாள்.

பதினோராவது கட்டத்தை அன்றே கையால் எழுதி ஒட்டினேன். அதற்குப் பிறகு மூடும்வரை ஒவ்வொரு நோயாளியையும் ஜன்னலுக்கே போய்க் கேட்டு நிரப்பினேன். மெமோ எதுவும் எனக்கு வரவில்லை. பகுதிப் பட்டியலில் பிழை என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினார்கள். யார் போட்ட பட்டியல் என்று எழுதவில்லை. சுடுதண்ணீரைப் பற்றி எந்த அறிக்கையிலும் இல்லை. அது வித்யாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. ஆனால் அவளுக்குத் தலைவலி என்று நான் யாரிடமாவது சொன்னால், உண்மையாகவே தலைவலியாக இருந்தாலும், ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்க்கிறாள்.

கஸ்தூரி மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் பேத்தமங்களாவில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சேகர் மட்டும் ஷிஃப்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். அவளைத் தேடிப் போக இரண்டு முறை பஸ் ஸ்டாண்டுவரை போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று தினமும் மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன்.

ஜோதி போன பதினாறாம் நாள் சாயங்காலம் ஸ்டவ்வில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது வாசலில் கஸ்தூரி நின்றாள். இளைத்திருந்தாள். உள்ளே வரவில்லை. அவளுடைய கண் என்மேல் இல்லை. குண்டான் மேல் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து, "கஸ்தூரி" என்றேன்.

அவள் கேட்டாள்: "பாப்பாவுக்குச் சளி உட்டுடுச்சாக்கா?"